சாம்பலக்கா போடாத கையெழுத்து

"உங்க வீட்டு டிவியில படம் சூப்பராத் தெரியுமே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சாம்பலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கல்யாண வீடா, துக்க வீடா என்று பார்க்க மாட்டாள். "நல்லாத் தெரியறது வேற, சரியாத் தெரியறது வேற" என்று அவள் ஆரம்பித்தால், கேட்டவர் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நழுவ வேண்டியதுதான். பாவம், அவர் ஏதோ பேச்சுக்குக் கேட்டிருப்பார்.

அவள் தொழில் அப்படி. படம் எடிட் செய்கிற அறைகளில் நாலைந்து திரைகள் இருக்கும். அதில் ஒன்று மட்டும் நிறம் பார்ப்பதற்கென்றே வைத்த மானிட்டர். மற்ற திரைகள் எப்படி வேண்டுமானாலும் இளிக்கட்டும், அந்த ஒன்று பொய் சொல்லக் கூடாது. வெள்ளை என்றால் வெள்ளையைக் காட்ட வேண்டும். மனுஷன் முகம் என்றால், எதிரே வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். அதை நம்பித்தான் எடிட்டர் நிறத்தைக் கூட்டுவார், குறைப்பார். அந்த மானிட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து அளந்து, நேர்ப்படுத்தி, பின்பக்கம் ஒரு சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவது சாம்பலக்காவின் வேலை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கையெழுத்துக்கு அந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அவள் கையெழுத்து இருந்தால் மறுபேச்சு கிடையாது.

வேலைக்குக் கிளம்பும் நாளில் அவள் உடம்பில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு நிறம் பார்க்க முடியாது. சிவப்பு உடுத்திக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால், அந்தச் சிவப்பு திரையில் விழுந்து கண்ணைக் குழப்பும். அதனால்தான் இந்தச் சாம்பல். பேரும் அதிலிருந்து வந்ததுதான். யார் வைத்தது என்று தெரியாது. இப்போது பில்லில்கூட "சாம்பலக்கா" என்றே எழுதுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அவளுடைய நாத்தனார் மட்டும் இன்னும் ஒரு படி மேலே போவாள். "அண்ணி, உங்களைக் கலர் போட்டோ எடுத்தாலும் கருப்பு வெள்ளையிலதான் வரும்" என்பாள்.

இந்த வேலைக்கு அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பள்ளி முடித்ததும் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தாள். கடையில் வரிசையாக ஆறு டிவி ஓடும். ஒரே ஆள் ஆறு டிவியிலும் ஆறு நிறத்தில் செய்தி வாசிப்பார். ஒன்றில் சுட்ட செங்கல் மாதிரி, இன்னொன்றில் ஜுரம் வந்து எழுந்தவர் மாதிரி. "இதுல எது நிஜம்?" என்று ஒரு நாள் கேட்டாள். "கஸ்டமருக்கு எது பிடிக்குதோ அதுதான் நிஜம்" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அதற்குப் பதில் தேடிப் புத்தகம் புரட்டி, தெரிந்தவர்களை நச்சரித்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மீட்டரை வாங்கி, தானே கற்றுக்கொண்ட தொழில் இது.

அவள் வேலை செய்கிற விதம் பார்த்தால் சிரிப்பு வரும். மானிட்டரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். திரை சூடாகி நிதானத்துக்கு வர வேண்டுமாம். அதற்குள் யாராவது "என்னக்கா, ஆரம்பிக்கலையா?" என்றால் ஒரு முறைப்பு. பிறகு மீட்டரைத் திரையோடு ஒட்டி வைத்து வெள்ளையை அளப்பாள், சாம்பலை இருபது படியாக அளப்பாள், அப்புறம்தான் மற்ற நிறங்கள். எல்லாம் முடிந்ததும் மானிட்டர் பொத்தான்கள் மேல் டேப் ஒட்டிவிட்டு, கதவில் ஒரு காகிதம் ஒட்டுவாள். "சுவர் சாம்பல் நிறமாகவே இருக்கட்டும். நான் வைத்த விளக்கை மாற்றாதீர்கள். பொத்தானைத் தொடாதீர்கள்." கடைசி வரிக்கு மட்டும் மூன்று ஆச்சரியக்குறி.

நாத்தனாரும் அதே தொழிலுக்குத்தான் வந்தாள், ஆனால் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து படம் வெட்டுகிற பக்கம். அவள் எடிட்டர். வயது முப்பத்தாறு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். ஒரு கம்பெனியில் மூன்றாம் மாடி அறை அவள் ராஜ்ஜியம். அண்ணி சிபாரிசில் கிடைத்த வேலை இல்லை. பரீட்சை எழுதி, வேலை செய்து காட்டி வாங்கியது. ஆனாலும் அவள் அறை மானிட்டருக்கு அளவு வைப்பது அண்ணிதான். அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இந்த வீட்டில் எலியும் பூனையும் ஒரே படத்தைப் பார்த்து, வானம் நீலமா, கொஞ்சம் பச்சை கலந்த நீலமா என்று சண்டை போடும். சாம்பலக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறவர். "ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்பார்.

அந்த வீட்டில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடி விழுந்தது.

நாத்தனார் கடந்த ஒரு மாதமாக ஒரு படத்தில் உட்கார்ந்திருந்தாள். சினிமா இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் இருபது நிமிஷப் படம். தூரத்து ஊர்களில், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத இடங்களில் பிரசவம் பார்க்கும் நர்ஸ்களுக்காக ஒரு குழந்தை டாக்டர் எடுக்கச் சொன்னது. நல்ல குழந்தை எப்படி இருக்கும், மஞ்சள் ஆரம்பித்தால் எப்படி இருக்கும், முற்றினால் எப்படி இருக்கும் என்று வரிசையாகக் காட்டும். நிறம்தான் அங்கே பாடம். நாத்தனாருக்கு அந்தப் படத்தின் மேல் உயிர். "அண்ணி, விளம்பரத்துக்கு சோப்பு நுரையை வெளுப்பாக்கி வெளுப்பாக்கி என் பாதி ஆயுசு போச்சு. இதைப் பார்த்து ஒரு குழந்தை பிழைச்சாலும் போதும்" என்று சொல்லியிருந்தாள்.

அன்று அவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"படம் திரும்பி வந்துடுச்சு" என்றாள்.

"ஏன்?"

"டாக்டர் அவங்க ஆபீஸ்ல போட்டுப் பார்த்திருக்காங்க. எல்லாக் குழந்தையும் மஞ்சளா இருக்காம். நல்லா இருக்கற குழந்தையும் மஞ்சள், நோய் வந்த குழந்தையும் மஞ்சள். 'இதைப் பார்த்தா எந்த நர்ஸும் எதையும் கத்துக்க முடியாது, இருக்கறதையும் மறந்துடுவா'ன்னு முதலாளிக்கு போன் பண்ணித் திட்டியிருக்காங்க."

"வேற எங்கயாவது போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். கீழ் மாடியில, வேற ரெண்டு மானிட்டர்ல. மஞ்சள்தான்." தோள்பையைத் தரையில் போட்டாள். "நீங்க வச்ச மானிட்டரை நம்பித்தானே அண்ணி நான் கலர் பார்த்தேன்? கண்ணை மூடிக்கிட்டு நம்பினேனே!"

சாம்பலக்காவுக்குச் சுருக்கென்றது. யாரோ சொன்னால் சண்டைக்குப் போயிருப்பாள். இவள் சொல்லிவிட்டாளே என்றுதான் வாயடைத்துப்போனது.

"நான் வச்ச அளவு தப்பாது" என்றாள்.

"அப்ப என் கண்ணு தப்பா?"

கணவர் கையில் தண்ணீர்ச் செம்போடு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தார். அன்று வீட்டில் வானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சாம்பலக்கா தன் பையோடு கம்பெனியின் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டாள். நாத்தனாரும் கூட வந்தாள். கதவைத் திறந்ததும் சாம்பலக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சுவர் மஞ்சள்.

சும்மா மஞ்சள் இல்லை. கண்ணைக் குத்துகிற, தகதகவென்ற மஞ்சள். மானிட்டருக்குப் பின்னால், பக்கவாட்டில், கூரையோரத்தில், எல்லா இடத்திலும். மானிட்டருக்குப் பின்னால் அவள் வைத்திருந்த மங்கலான வெள்ளை விளக்கைக் காணோம். அதற்குப் பதில் கூரையில் ஆறு உருண்டை விளக்குகள், மங்கல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. கதவில் ஒட்டிய காகிதம் இருந்த இடத்திலும் பெயிண்ட்.

"அட பாவிகளா!" என்று கத்தினாள். "இதை எப்ப அடிச்சாங்க?"

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த வாரம்."

"ஒரு வார்த்தை சொன்னியா எங்கிட்ட?"

"சுவருதானே அண்ணி, அதுல என்னன்னு நினைச்சேன். முதல் நாள் கண்ணு கூசிச்சு. சார்கிட்ட சொன்னேன். 'போகப் போகப் பழகிடும்'னாரு." நாத்தனார் சுவரை இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். "பழகிடுச்சு."

பழகியதுதான் வினை. மனுஷக் கண் ஒரு விசித்திரமான பிராணி. மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், அந்த மஞ்சளையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நிஜமான வெள்ளையைக் காட்டினால் நீலம் பாரித்துத் தெரியும். மானிட்டர் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. இவள் கண்ணுக்குக் குழந்தைகள் நீலமாகத் தெரிந்திருக்கின்றன. சரி செய்வதாக நினைத்து மஞ்சளைச் சேர்த்திருக்கிறாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களும் இதே அறையில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணும் இதே மஞ்சளில் ஊறியதுதான். மீட்டர் இதைக் கண்டுபிடிக்காது. அது திரையோடு ஒட்டிக்கொண்டு திரையை மட்டும் அளக்கும். சுவரைப் பார்க்க அதற்கு முதுகில் கண் இல்லை.

ஆனாலும் சாம்பலக்கா அளந்தாள். அரை மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொரு படியாக அளந்தாள். மயிரிழை பிசகவில்லை. எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி மோசமான மனுஷன் என்று சொல்ல முடியாது, கோழை, அவ்வளவுதான். பக்கத்தில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதம் ஏதோ உள் அலங்காரப் படிப்பு படித்துவிட்டு, அக்கா வீட்டுக்காரர் கம்பெனியைக் கரும்பலகையாக வைத்துப் பழகிக்கொண்டிருந்தவன். சுவர் அவன் கைங்கரியம்.

"மானிட்டர் சரியா இருக்கு சார். சுவர்தான் தப்பு" என்றாள் சாம்பலக்கா.

முதலாளி சிரித்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்."

"மேடை கோணலா இருந்தா கோணல்னுதான் சார் சொல்லணும்."

"எக்ஸ்கியூஸ் மீ" என்றான் மச்சான். "அது மூட் கலர். ஸ்டாஃப் உற்சாகமா வேலை செய்யணும்னு செலக்ட் பண்ணினது. முன்னாடி இருந்த சாம்பல் கலர் ஜெயில் மாதிரி இருந்துச்சு. அந்த டாக்டரம்மாவுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னா, காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சாம்பலக்கா எண்கள் எழுதிய காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். முதலாளி அதைத் தொடக்கூட இல்லை. வேறொரு காகிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த கடிதம். மானிட்டருக்கு அளவு வைத்ததில் தன் கருவிக் கோளாறால் பிழை நேர்ந்துவிட்டது, அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வர்றாங்க" என்றார் முதலாளி. "அவங்களுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லணும். கருவி கோளாறுன்னா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. மெஷின்தானேன்னு விட்டுடுவாங்க."

"என் கருவியில கோளாறு இல்லையே!"

"அக்கா, கொஞ்சம் புரிஞ்சுக்கங்க. கம்பெனியே சுவரைத் தப்பா அடிச்சுடுச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? நாளைக்கு வேற யாராவது படம் குடுப்பாங்களா?" குரலைத் தாழ்த்தினார். "கருவி தப்பு இல்லைன்னா கலர் பார்த்தவ தப்பு. அப்ப உங்க நாத்தனாரை நான் வேலையில வச்சுக்க முடியாது. நல்ல பொண்ணுதான். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே முடிவு பண்ணுங்க."

சாம்பலக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சோற்றையும் நீயே ஆக்கிப் போடு என்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். பத்தொன்பது வருஷம். காய்ச்சலோடு போய் அளந்திருக்கிறாள். ஒரே ஒரு எண் உதைத்ததற்காகச் சாயங்காலம் முடித்த வேலையை மறுநாள் காலை போய்த் திரும்பச் செய்திருக்கிறாள். அத்தனையையும் ஒரு கோட்டுக்கு மேல் வைத்துக் கொடு என்கிறார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஓரமாகப் போய் அண்ணனுக்கு போன் செய்துவிட்டு வந்தாள்.

"அண்ணாகிட்ட போன்ல சொன்னேன்" என்றாள். "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு விஷயத்தை முடிக்கச் சொல்லுன்னாரு."

"உங்க அண்ணன் வேன்ல பிரேக் பிடிக்கலைன்னு பொய்யா எழுதிக் குடுக்கச் சொன்னா, எழுதிக் குடுப்பாராமா?"

"கோபப்படாதீங்க அண்ணி." நாத்தனார் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நேத்து உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டேன். நீங்க போடாதீங்க. நான் போறேன். வேற இடம் தேடிக்கறேன்."

"இந்த வயசுல, காமாலைப் படத்தைக் கெடுத்தவள்னு பேரோட, எந்த இடம்?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாம்பலக்காவுக்கும் அழுகை முட்டியது, ஆனால் அவளுக்கு அழுகை வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "மூக்கைச் சிந்தாதே. போய் முகம் கழுவிட்டு வா. அந்த டாக்டரம்மாவுக்குக் கண்ணு இருக்கில்ல, பார்த்துக்கலாம்" என்றாள்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, வீண் பேச்சு பேசாத முகம். முதலாளி அவரை மஞ்சள் அறைக்கே அழைத்து வந்து நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார். மச்சானும் வந்து ஓரமாக நின்றான்.

"ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறு டாக்டர்" என்று ஆரம்பித்தார் முதலாளி. "மானிட்டர் செட் பண்ணினவங்களே வந்திருக்காங்க. அவங்க கைப்பட லெட்டர் குடுக்கறாங்க."

எல்லாரும் சாம்பலக்காவைப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் தரையைப் பார்த்தாள்.

"குடுக்கல" என்றாள் சாம்பலக்கா. கடிதத்தை மேஜைமேல் வைத்தாள், கோடு காலியாக. "டாக்டர், எனக்குக் கால் மணி நேரம் குடுங்க. அதுக்கப்புறம் யார் தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

"அக்கா!" என்றார் முதலாளி.

"கால் மணி நேரம்தானே, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

சாம்பலக்கா அவரை வேறு பேச்சில் பத்து நிமிஷம் அப்படியே உட்கார வைத்தாள். படத்தில் எத்தனை குழந்தைகள், எங்கே எடுத்தது என்றெல்லாம் கேட்டாள். பிறகு நாத்தனாரிடம் படத்தைப் போடச் சொன்னாள். திருப்பி அனுப்பிய அதே படம்.

முதல் குழந்தை வந்தது. டாக்டர் முன்னால் குனிந்தார். இரண்டாவது, மூன்றாவது.

"இப்ப சரியாத்தானே இருக்கு?" என்றார். "நல்ல குழந்தை நல்லாவே தெரியுது. மாத்திட்டீங்களா?"

முதலாளி முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதான் டாக்டர், சின்னக் கோளாறுதான்னு—"

சாம்பலக்கா காதில் வாங்கவில்லை. ஆறு உருண்டை விளக்குகளையும் அணைத்தாள். தன் பையிலிருந்து பெரிய சாம்பல் துணிச் சுருள்களை எடுத்தாள். அளவு வைக்கிற இடங்களில் அறை சரியில்லை என்றால் விரிப்பதற்காக எப்போதும் வைத்திருப்பவை. நாத்தனார் ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். மானிட்டருக்குப் பின்னால் இருந்த சுவரையும் இரண்டு பக்கச் சுவரையும் துணி மூடியது. தன் வெள்ளை விளக்கு ஒன்றை மானிட்டருக்குப் பின்னால் வைத்தாள். "இதே மாதிரி கொஞ்ச நேரம் இருங்க டாக்டர். கண்ணு அடங்கட்டும்" என்றாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் படம் மறுபடி ஓடியது.

அத்தனை குழந்தைகளும் மஞ்சள். ஆரோக்கியமான குழந்தையின் நெற்றி, உள்ளங்கை, பாதம், எல்லாம் மஞ்சள்.

"படத்தை மாத்தினீங்களா?" டாக்டர் குரல் உயர்ந்தது.

"படத்தை மாத்தல டாக்டர். சுவரை மாத்தினேன்."

டாக்டர் எழுந்து நின்றார். "துணியை எடுங்க. விளக்கைப் போடுங்க." கொஞ்ச நேரம் பார்த்தார். "மூடுங்க." மறுபடி பார்த்தார். மூன்று தடவை இப்படி. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் டாக்டர், அவரைப் பார்க்காமலே.

"இது எவ்வளவு நேரத்துல நடக்கும்?" என்று சாம்பலக்காவைக் கேட்டார்.

"சில நிமிஷம் போதும். நாள் முழுக்க உள்ள இருந்தா, சுவர் மஞ்சள்ங்கறதே மறந்துபோயிடும் டாக்டர். இவ நல்ல எடிட்டர். இவ கண்ணுல கோளாறு இல்ல, என் கருவியிலயும் இல்ல. யாரு இந்த இடத்துல உட்கார்ந்தாலும் இதே தப்பைத்தான் பண்ணியிருப்பாங்க. நீங்களே இப்பப் பண்ணினீங்க!"

கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் டாக்டர் கோபப்படவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்க வார்டுக்குப் பெயிண்ட் அடிச்சாங்க" என்றார். "பச்சைக் குழந்தைங்க இருக்கற வார்டு. யாரோ ஒரு நல்ல மனுஷர் அடிச்சுக் குடுத்தாரு. குழந்தைங்க இருக்கற இடம் பளிச்சுன்னு இருக்கணும்னு, சூரியகாந்தி மஞ்சள்."

மச்சான் சுவரை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"ரத்தப் பரிசோதனை இருக்குல்ல டாக்டர்?" என்றாள் நாத்தனார் மெல்ல.

"இருக்கும்மா. ஆனா யாருக்கு ரத்தம் எடுக்கணும்னு முதல்ல கண்ணுதானே சொல்லுது." டாக்டர் போனை எடுத்தார். "சிஸ்டர், வார்டுல இருக்கற எல்லாக் குழந்தைங்களையும் வராண்டாவுக்குக் கொண்டு வாங்க. ஆமா, எல்லாரையும். இப்பவே, வெளிச்சம் இருக்கும்போதே. வெயில் நேரா படாம, வெள்ளைத் துணி மேல படுக்க வச்சு ஒவ்வொண்ணாப் பாருங்க. காலையில நான் பார்த்தேன், தெரியும். மறுபடி பாருங்க. லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். முதலாளி குடிக்க ஏதாவது கொண்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்தார். வெகு நேரம் கழித்து டாக்டர் பேசினார். "எந்தக் கட்டில்? ... இன்னொண்ணு? ... ரெண்டு பேருக்கும் உடனே ரத்தம் எடுத்து அனுப்புங்க. ஒன்பதாம் நம்பருக்கு ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், காமாலைக்கு வைக்கிற நீல லைட்டுக்குக் கீழ வைங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார். "இந்தப் படத்தை இந்தப் பொண்ணுதான் முடிச்சுத் தரணும். வேற யார் கையிலயும் குடுக்காதீங்க. அதுக்கு முன்னாடி இந்தச் சுவர்."

"நாளைக்கே அடிச்சுடறோம் டாக்டர், நாளைக்கே" என்றார் முதலாளி. மச்சான் ஏதோ சொல்ல வந்தான். நாத்தனார் மேஜைமேல் இருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, அவன் சட்டைப் பையில் செருகினாள். "மூட் வரும்போது படிச்சுப் பாருங்க" என்றாள்.

"நீங்களும் வாங்க, உங்க துணியோட" என்றார் டாக்டர் சாம்பலக்காவிடம். "வார்டை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

இருவரும் படியிறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் டாக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பதாம் கட்டில் குழந்தையோட அம்மா முந்தாநாளே எங்கிட்ட வந்தாங்க" என்றார். "குழந்தையை வெளிய தூக்கிட்டுப் போயிருக்காங்க. 'டாக்டர், என் பிள்ளை மஞ்சளாத் தெரியறான்'னாங்க. நான் வார்டுக்குள்ள வச்சுப் பார்த்தேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உங்க கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுது, போய்த் தூங்குங்க'ன்னு சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாங்க. அதட்டி அனுப்பிட்டேன்."

டாக்டர் பாவம் என்றுதான் சாம்பலக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவும் செய்தது. ஆனால் அதற்கு முன்னால், இரண்டு நாளாக அந்த வார்டில் உட்கார்ந்து தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் நினைப்புதான் வந்தது.

"போனதும் முதல்ல அந்த அம்மாகிட்ட போங்க டாக்டர்" என்றாள், துணிச் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவங்க கண்ணு சரின்னு சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

டாக்டர் தலையசைத்தார். இருவரும் வேகமாக இறங்கினார்கள்.